அடியில் யாரும் இல்லையே?

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சமையலறையில் இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கப் போன என் மனைவியை, கூடத்தில் அமர்ந்தபடியே கை உயர்த்தித் தடுத்தார்.

“அக்கா, நில்லுங்க! அடியில யாரும் இல்லையே?”

கொப்பரைக்கு அடியில் அடுப்பு இருந்தது. அடுப்புக்கு அடியில் பாத்திர அலமாரி இருந்தது. ஆயினும் கேட்ட குரலில் இருந்த அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “இல்லீங்க” என்றாள்.

“அப்ப தூக்குங்க” என்று அனுமதி வழங்கினார்.

கப்பல் பட்டறையில் பாரந்தூக்கிகளுக்கு மேற்பார்வையாளராக வாழ்நாளெல்லாம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் அவர். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக். வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் கூடிப் பதிகம் ஓதும் குழுவுக்குக் கைத்தாளம் போட வந்து சேர்ந்தார். தாளத்தில் அவருக்குப் பிழையே வராது. குரலில் மட்டும் இறைவன் அவரைச் சற்றே சோதித்திருந்தான். ஆகையால் தாளத்தை மட்டும் ஏற்றுக்கொண்டோம்.

கைத்தாளம் வைத்திருந்த அதே துணிப்பையில் இரண்டு மரத்துண்டுகளும் எப்போதும் இருக்கும். ஒருபுறம் தடித்து மறுபுறம் சரிந்த முட்டுக்கட்டைகள். சக்கரம் உள்ள எதுவும் தானாக நிற்கும் என்பதை அவர் நம்பியதில்லை. எங்கள் சுருதிப்பெட்டியை வைத்திருந்த உருளை மேசைக்கு முட்டுக் கொடுத்த பிறகே தாளத்தைக் கையில் எடுப்பார். கீழ்த்தளத்தில் யாராவது தாய்மார் குழந்தை வண்டியை நிறுத்திவிட்டுத் தபால் பெட்டியைத் திறந்தால், திரும்பி வருவதற்குள் வண்டிச் சக்கரத்தில் கட்டை ஏறியிருக்கும். வண்டி நகராமல் திகைக்கும் தாயிடம், “நான்தான்மா வச்சேன். ஒண்ணும் பயப்படாதீங்க” என்பார். பயம் அதன் பிறகுதான் வரும்.

நண்பர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில், மேடைக்கு உருட்டிக்கொண்டு வந்த மூன்றடுக்குக் கேக்கின் வண்டிக்கு முட்டுக் கொடுக்க மண்டியிட்டார். கத்தி இறங்கும் வரை எழவில்லை. அந்த விழாவின் புகைப்படங்கள் எல்லாவற்றிலும், புன்னகைக்கும் தம்பதியருக்கு நடுவே, கேக்குக்கு அடியில், ஒரு வழுக்கைத் தலை நான்காம் அடுக்காக ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

என் வீட்டுக் கூடத்தில் விளக்கு மாற்ற வேண்டியிருந்தபோது உதவிக்கு அழைத்தேன். வந்தவர் முதலில் கூட்டம் போட்டார். பட்டறையில் வேலை தொடங்குமுன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு என்ன பணி, எங்கே ஆபத்து என்று சொல்லும் வழக்கம் உண்டாம். அதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயராம். நானும் என் மனைவியும் வரிசையில் நின்றோம்.

“ஐயா, உங்க வேலை என்ன?”

“ஏணியைப் பிடிப்பது.”

“அக்கா, உங்க வேலை?”

“காப்பி போடுறது.”

“தப்பு. விளக்கு ஏறி முடியிற வரைக்கும் நீங்க இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். காப்பி அதுக்கப்புறம்.”

தரையில் கோடு எதுவும் இல்லை. ஆனாலும் என் மனைவி அதைத் தாண்டவில்லை.

அவருடைய சமய அறிவும் இந்த வழியாகத்தான் இயங்கிற்று. ஒரு வெள்ளியன்று, கயிலையைப் பெயர்க்க முனைந்த பத்துத் தலை அரக்கனை இறைவன் கால்விரலால் ஊன்றி அடக்கிய செய்தி வரும் பாடலை ஓதி முடித்து, அதன் உட்பொருளை அன்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தாளத்தைக் கீழே வைத்தார்.

“ஐயா, அவன் தூக்குன முறையே தப்பு. மேல ஆளு உக்காந்திருக்கு. அம்மையும் அப்பனும். ஆளை இறக்காம பாரத்தைத் தூக்கலாமா? அடியில முட்டும் கொடுக்கல. அதுல கையை வேற உள்ள விட்டிருக்கான். இருபது கை இருந்து என்ன செய்ய?”

“அவன் குற்றம் ஆணவம் அல்லவா?” என்றேன்.

“ஆணவந்தான், யாரு இல்லன்னா? ஆணவம் இல்லாதவன் முட்டுக் கொடுத்துட்டுத் தூக்குவான்.”

பல்லாண்டுகளாக ஓதி உருகிய இடம் அது. இன்று அந்த வரி வரும்போதெல்லாம், நெரிந்த தோள்களுக்கு இரங்குமுன், மலைக்கு அடியில் ஒரு கட்டை வைக்காமல் போனானே என்று என் நெஞ்சு பதறுகிறது. பக்தியில் இப்படி ஒரு மாறுபாடு நேரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

என் மைத்துனனுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகாது. அவன் என் மனைவியின் கடைக்குட்டித் தம்பி, வங்கியில் வேலை, எதையும் விரைந்து முடிப்பவன். “அத்தான், முட்டுக்கட்டை வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைவான். அது அவர் காதில் விழும். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

இனி அந்தப் பங்குனி உத்திரக் காலையைச் சொல்ல வேண்டும்.

முந்தைய ஆண்டு என் மனைவிக்கு முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அறுவைக்கு முதல்நாள் அவள் முருகனிடம் ஒரு நேர்ச்சை வைத்தாள். நடை திரும்பினால், வீட்டுப் பூசையில் நிரப்பிய பால்குடத்தை ஏந்தி, சிராங்கூன் சாலைக் கோயிலைத் தன் காலாலேயே மும்முறை வலம்வந்து, பாலை அபிஷேகத்துக்குக் கொடுப்பது என்று. எங்கள் வீட்டு வழக்கப்படி, நிரப்பிய குடம் கோயில் சேரும் வரை தரையில் படலாகாது. பாலபிஷேகம் முடிந்து திரை விழுந்துவிட்டால் அந்தக் குடம் மறு உத்திரத்துக்குத்தான். எழுபதை நெருங்கும் வயதில், மறு உத்திரம் என்பது எளிதில் சொல்லிவிடக்கூடிய சொல் அன்று.

மைத்துனன் தன் காரில் அழைத்துப் போக வந்தான். முந்தைய மாலைதான் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் மாதச் சாமான் வாங்கி வந்திருந்தான்; இறக்கி வைக்க நேரமில்லை. காரின் பின்பெட்டி முழுக்கச் சலவைத்தூளும் எண்ணெய்க் கலன்களும் அரிசி மூட்டையும் வெங்காயமும். எல்லாவற்றுக்கும் மேலே மடக்கு சக்கர நாற்காலி ஒன்று படுத்திருந்தது.

“எதுக்குடா இது?” என்றாள் அவன் அக்காளான என் மனைவி.

“சும்மா, ஸ்டாண்ட்பைக்குத்தான். மூணு சுத்து முடியலன்னா உக்காந்துக்கலாம்ல?”

“உக்காந்தா முருகன், சரி, இவளுக்கு இது போதும்னு விட்டுடுவான். எனக்கு வேண்டாம்.”

அவள் குடத்தை மடியில் ஏந்திப் பின்னிருக்கையில் ஏறினாள். நான் அருகில். கைத்தாளப் பையோடு அவர் முன்னிருக்கையில். விரைவுச்சாலையை எட்டுவதற்கு முன்பே வண்டி ஒருபுறம் இழுத்தது. அடியில் தபதபவென்று ஓசை. மைத்துனன் பக்கத்திலிருந்த திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்துக்குள் திருப்பி, நுழைவாயில் சரிவிலேயே நிறுத்தினான். முன்சக்கரம் ஒன்று அப்பமாகத் தட்டையாகியிருந்தது.

செயலியில் டாக்சி தேடினான். திருநாள் காலை, மழையும் தூறத் தொடங்கியிருந்தது. செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. கார் பழுதுபார்ப்பவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

“விடுங்க, நானே மாத்திடறேன். பத்து நிமிஷ வேலை. அக்கா, நீ உள்ளயே உக்காரு” என்று வேட்டியை மடித்துக் கட்டினான்.

“ஆளோட தூக்கவா?” என்றார் அவர்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் இறங்கிவிட்டேன்.

“அண்ணே, நேரமில்ல. டயர்தான் மாத்தப் போறோம், கப்பல் கட்டப் போறதில்ல லா!”

“நேரமில்லாத அன்னைக்குத்தான் தம்பி வண்டி விழும். மொதல்ல சரிவை விட்டு எடு. அந்தா, அங்க சமதளம் இருக்கு. மெதுவா உருட்டு. அக்கா, இறங்குங்க. சாமானும் இறங்கட்டும்.”

“சாமானுமா?”

“அது என்ன பஞ்சா?”

அக்காள் இறங்கினாள். குடத்தைத் தரையில் வைக்க முடியாது. அடுக்கிய சலவைத்தூள் மீது வைக்க அவளுக்கே மனம் ஒப்பவில்லை. இடுப்பில் ஏந்தி, பிறகு தலைக்கு ஏற்றி நின்றாள். மைத்துனன் முணுமுணுத்தபடி காரைச் சமதளத்துக்கு உருட்டிவிட்டு, மூட்டைகளை இறக்கி வரிசையாக வைத்தான். ஓரத்தில் நாற்காலியை விரித்து நிறுத்தினான். புளோக்கிலிருந்து கூடையோடு வந்த சீன மூதாட்டி ஒருவர், வரிசையை மேலும் கீழும் பார்த்து, சலவைத்தூளைத் தொட்டு, விலை என்ன என்று மலாய் மொழியில் வினவினார்.

“விக்கிறதுக்கு இல்ல, ஆன்ட்டி. நாட் ஃபார் சேல்!”

மூதாட்டி நம்பவில்லை. சக்கர நாற்காலிக்கும் விலை கேட்டுவிட்டு, பேரம் படியும் வரை காத்திருப்பவர்போல ஓரமாக நின்றுகொண்டார்.

அதற்குள் இவர் கூட்டத்தைத் தொடங்கியிருந்தார். “ஐயா, உங்க வேலை பாக்குறது. அங்க நின்னு ஜாக்கியைப் பாருங்க. சாய்ஞ்சா கத்துங்க.” நான் நின்ற இடத்தில், காவல் வேண்டும் பதிகம் ஒன்றை மெல்ல எடுத்தேன். “ஐயா, பாட்டு அப்புறம். கண்ணு ஜாக்கில இருக்கட்டும்.” நிறுத்தினேன்.

கைப்பிரேக்கைத் தாமே இழுத்துப் பார்த்தார். பழுதான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக இருந்த பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டைகளை நுழைத்துக் காலால் தட்டி இறுக்கினார். மைத்துனன் ஜாக்கியைத் தூக்கி வந்தான்.

“வை கீழ. மொதல்ல நட்டு.”

“தூக்கிட்டுக் கழட்டுறேனே.”

“தூக்கினப்புறம் நட்டுல பலம் போட்டா வண்டி ஆடும். சக்கரம் தரையில இருக்கறப்பவே அரைச்சுத்துத் தளத்து. கழட்டாத, தளத்து.”

தளர்த்தினான். காரின் பக்கவாட்டின் அடிவிளிம்பில் ஜாக்கிக்கென்றே இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஜாக்கியின் தலை சரியாகப் பொருந்துகிறதா என்று, சட்டைக்குச் சேறு படுவதைப் பாராமல் தரையில் கன்னம் வைத்துப் பார்த்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தக் கொண்டு வந்த மைத்துனனை மறித்தார்.

“அதை உள்ள படுக்க வை.”

“எங்க?”

“வண்டிக்கு அடியில. ஜாக்கிக்குப் பக்கத்துல.”

“அண்ணே, மாட்டுறதுக்குத்தானே அது? அதைப் போய் அடியில...”

“கழட்டின சக்கரம் வந்ததும் அது உள்ள போகும், இது வெளிய வரும். அடி ஒருநேரமும் வெறுமையா இருக்கக் கூடாது.”

மைத்துனன் வானத்தைப் பார்த்தான். கைபேசியில் நேரம் பார்த்தான். கோயிலில் அபிஷேகம் தொடங்கியிருக்கும். அக்காள் தலையில் குடமும் கண்ணில் நீருமாக நின்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைக் காலால் அடியில் தள்ளினான். பிறகு நட்டுகளைக் கழற்றி, பழுதான சக்கரத்தை உருவி எடுத்தான்.

அப்போதுதான் ஒரு நட்டு உருண்டு காருக்கு அடியில் போயிற்று.

“தொடாத! கம்பு எடுத்துத் தள்ளலாம்” என்றார் அவர். அவன் கேட்கவில்லை. ஒரு கையைக் காரின் மேல் ஊன்றிக் குனிந்து, மறு கையைத் தோள்வரை உள்ளே விட்டான். ஊன்றிய கையின் பாரத்தில் கார் அசைந்தது. ஜாக்கி சாய்ந்தது.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. இறைவன் திருநாமமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் நான் கத்துமுன்பே அவர் மைத்துனனின் வேட்டியை இரு கைகளாலும் பற்றிப் பின்னுக்கு இழுத்திருந்தார். வேட்டி முழுவதும் அவரோடு வந்தது. மைத்துனன் பாதிதான் வந்தான். ஜாக்கி தெறிக்க, கார் இறங்கியது.

முழுதும் இறங்கவில்லை. அடியில் கிடந்த மாற்றுச் சக்கரத்தின் மேல் தொம்மென்று அமர்ந்து நின்றது. தரைக்கும் காருக்கும் இடையே ஒரு சக்கரத்தின் கனம் இடைவெளி. அந்த இடைவெளியில் மைத்துனனின் கை முழுதாக இருந்தது. அவன் அதை மெல்ல வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். கையில் நட்டு இருந்தது.

சீன மூதாட்டிதான் முதலில் அசைந்தார். வேட்டியை எடுத்து உதறி, அரைக்காற்சட்டையோடு கிடந்தவன்மீது போர்த்திவிட்டார்.

இழுத்த வேகத்தில் அவனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, நிற்க முடியவில்லை. நானும் அவரும் தாங்கிப் பிடித்துச் சக்கர நாற்காலியில் அமர்த்தினோம். அமர்த்திய கையோடு, அதன் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் அவர் வெங்காய மூட்டையை அணைத்து வைத்தார். கட்டைகள் இரண்டும் கார்ச் சக்கரத்தில் இருந்தன அல்லவா?

“இப்ப யாரு மாத்துறது?” என்றாள் என் மனைவி.

“ஐயா இருக்காரே” என்றார் அவர்.

ஏடு புரட்டவும் திருநீறு எடுக்கவும் பழகிய கைகள் என்னுடையவை. அவற்றால் ஜாக்கியைச் சுழற்றினேன். முன்பு செய்தது எதையும் கணக்கில் எடுக்காமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைத்தார். கழற்றிய சக்கரம் அடியில் போயிற்று. மாற்றுச் சக்கரம் வெளியே வந்தது. நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கே குறுக்கே முடுக்கச் சொன்னார். அடியில் கிடந்ததை இழுத்துவிட்டு, சக்கரம் தரை தொட்ட பிறகு மறுபடியும் முடுக்கச் சொன்னார். மைத்துனன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நட்டு இறுகிய பிறகுதான் நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். குடத்தோடு அதே இடத்தில் நின்றிருந்தாள். மளிகைக் கடைக்கு நடந்து போய்வந்தாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்பவள்.

“கால் வலிக்கவில்லையா?” என்றேன்.

“எங்க வலிக்கிறது? இவன் கையையே பாத்துட்டு நிக்கிறேன்” என்றாள்.

சாமானையும் கட்டைகளையும் ஏற்றிய பிறகு அவரே வண்டியை ஓட்டினார், மாற்றுச் சக்கரத்துக்கு உரிய வேகத்தில். மிதிவண்டிக்காரர் ஒருவர் எங்களை முந்திச் சென்றார். சிராங்கூன் சாலையை அடைந்தபோது, பால்குடங்களின் வரிசை கோயில் மதிலைச் சுற்றி வளைந்திருந்தது. அந்த வரிசையில் நின்றால் திரை விழுந்த பிறகுதான் முருகனைக் காணலாம். என் மனைவியின் முகம் வாடிற்று.

மைத்துனனைக் காரில் தனியே விட மனமின்றி, அவனை நாற்காலியில் அமர்த்தி நான் தள்ளி வந்தேன். அவன் வேட்டியில் சேறு. வாயிலில் நின்ற தொண்டர் ஒருவர் அவனைப் பார்த்தார். முன்னால் குடத்தோடு நிற்கும் அக்காளைப் பார்த்தார். அவர் கண் கலங்கிற்று.

“தம்பிக்காகவா நேந்துக்கிட்டீங்க, அம்மா? நீங்க ஏன் கியூவுல நிக்கிறீங்க? வழி விடுங்க, வழி விடுங்க! நாற்காலி வருது!”

என் மனைவி பொய் சொல்லாதவள், வாயைத் திறந்தாள். மைத்துனன் அவள் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்து, “அக்கா, நட லா” என்றான்.

நடந்தாள். ஒருமுறை, இருமுறை, மும்முறை. தலையில் குடத்தோடு அவள் முன்னால்; உட்கார்ந்தபடி அவன் பின்னால். வழியெங்கும் அறிமுகமில்லாத தாய்மார் அவன் தலையைத் தடவி, “சீக்கிரம் நடந்துடுவப்பா” என்று வாழ்த்தினார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினான். பாலைப் பெற்றுக்கொண்ட குருக்கள், முருகன் மேனியில் அது வழிந்தோடக் கண்டு உருகி நின்ற எங்களை நெருங்கி, சாத்தியிருந்த மாலை ஒன்றை எடுத்து மைத்துனன் கழுத்தில் போட்டார். எங்கள் குடத்துக்குப் பின்னால் இன்னும் சில குடங்கள். பிறகு திரை விழுந்தது.

வெளியே வந்ததும் என் மனைவி கண்டவர்களிடமெல்லாம், “என் தம்பி கை மேல கார் விழப் பாத்துச்சு. முருகன் தாங்கிப் பிடிச்சான்” என்று சொல்லத் தொடங்கினாள். அவர் அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. நான்காம் முறை சொன்னபோது மட்டும், “ஆமாக்கா, முருகன்தான். டயரைக் கொஞ்சம் நல்லா உள்ள தள்ளி வச்சிருந்தா, இன்னும் சுலபமாத் தாங்கியிருப்பான்” என்றார்.

“அண்ணே, குனிங்க” என்றான் மைத்துனன். குனிந்தவர் கழுத்தில் தன் மாலையைக் கழற்றிப் போட்டான். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கார் வரை அதை அணிந்தே வந்தார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் கழற்றிப் பின்னால் நீட்டினார்.

“வச்சுக்குங்கக்கா. இதைப் போட்டுக்கிட்டா சீட் பெல்ட் சரியா உக்காராது.”

அவர் இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறார். அங்கே எந்தத் தெருவில் எந்தக் குழந்தை வண்டி நகர மறுக்கிறதோ, நான் அறியேன். அவரைப் பற்றி எவர் கேட்டாலும், அன்று உட்லண்ட்ஸுக்குத் திரும்பிய வழியில் நடந்த ஒரு சிறு பேச்சையே நான் கடைசியில் சொல்வது வழக்கம்.

மைத்துனன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அண்ணே... தப்பா நினைக்காதீங்க. ஷிப்யார்ட்ல உங்க கண்ணு முன்னால யாராச்சும்... பாரத்துக்கு அடியில மாட்டி...?”

என் மனைவி என் கையைப் பற்றினாள். எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்ததுதான் அது. இத்தனை அச்சத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கும் என்று நாங்களாக முடிவு செய்து, அவர் பாயசத்தில் முந்திரியைக் கூட்டிப் போட்டு வந்தோம். கேட்கத்தான் எவருக்கும் துணிவில்லை.

அவர் கண்ணாடியில் பின்புறம் பார்த்தார். சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார்.

“இல்லையே, தம்பி.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல. அத்தனை வருஷத்துல ஒரு நகம்கூடப் போகல” என்றார். சிறிது யோசித்துவிட்டு, வெட்கப்படுபவர்போல, “ரொம்ப போரடிக்கிற வேலை” என்றார்.

விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் வலம் பார்த்தார், இடம் பார்த்தார், மறுபடியும் வலம் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஒலி எழுப்பத் தொடங்கின.